பூச்சிமருந்தும் மாத்திரை டப்பாவும் ஒரே வீட்டில்

கரப்பானுக்கு என்ன செய்வது என்று யாரைக் கேட்டாலும் ஏதாவது ஒரு ஸ்ப்ரேயைச் சொல்லிவிடுவார்கள். அடிப்பவருக்கு நாற்பது வயது, நுரையீரல் திடமாக இருக்கிறது என்றால் அது போதும். எழுபதைத் தாண்டிய இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது வேறு: இருவரும் தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள்? எந்த முறை ஆகும், எது ஆகாது என்பதை அந்தப் பட்டியல்தான் சொல்லும்.

இருவரின் மருந்துகளையும் ஒரே தாளில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். எழுதிய பிறகு இவற்றைத் தேடுங்கள்.

இன்ஹேலர் இருக்கிறதா? ஆஸ்துமாவோ புகைபிடித்ததால் வந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்போ இருந்தால் ஸ்ப்ரே, புகை, கொசுவத்தி மூன்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். வீட்டு ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் மூச்சிரைப்பைத் தூண்டக்கூடியவை. ஆக்சிஜன் இயந்திரம் உள்ள அறையில் ஸ்ப்ரே கூடவே கூடாது. டப்பாவுக்குள் மருந்தைத் தள்ளும் வாயு பல நேரம் எரியக்கூடிய பியூட்டேனோ புரோப்பேனோதான்.

மறதி நோய்க்கு டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் போன்றவை இருக்கின்றனவா? மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதியை இந்த மருந்துகள் தடுக்கின்றன. அதுவே அவற்றின் பலன். மாலத்தியான், குளோர்பைரிபாஸ், புரோபாக்சர் ஆகிய பூச்சிக்கொல்லிகளும் அதே நொதியைத்தான் முடக்குகின்றன. ஆகவே அந்த மாத்திரை எடுப்பவருக்குக் கொஞ்சம் பூச்சிமருந்து பட்டாலும் விளைவு கூடுதலாக இருக்கலாம். பூச்சிமருந்து டப்பாவில் பொடி எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் படிக்காமல் வாங்காதீர்கள். பிராண்ட் பெயர் எதையும் சொல்லாது. எழுத்து தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் இருந்தால் கீழே எலி பற்றிய பகுதியைக் கவனமாகப் படியுங்கள். இரத்த அழுத்த மாத்திரை இருந்தால் சிங்க் அடியில் குனிந்து சட்டென நிமிர்வதுதான் ஆபத்து, தலை சுற்றி விழுந்துவிடுவார்கள். குனிந்து செய்யும் வேலையைத் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். முடிந்ததும் ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு எழுந்திருங்கள். பரண் வேலைக்கு மட்டும் யாரையாவது கூப்பிடுங்கள். கரப்பான் யாருடைய இடுப்பெலும்பையும் உடைப்பதில்லை, ஸ்டூல் உடைக்கும்.

கரப்பான்: ஜெல், பிறகு பொறுமை

முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது. உணவில்லாமல் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் கரப்பானுக்குத் தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் ஓடாது. சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். இரவு படுக்கும்முன் சிங்க்கை உலர்ந்த துணியால் துடைத்து, வடிகால் ஓட்டையை மூடுங்கள். ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டைப் பலர் மறந்துவிடுவார்கள். மாத்திரை போட்டுக்கொள்ளப் படுக்கையருகே வைக்கும் தண்ணீருக்கும் மூடி வேண்டும்.

அடுத்தது ஜெல், அதாவது கரப்பான் தின்று சாகும் விஷ இரை. ஃபிப்ரோனில், இண்டாக்ஸாகார்ப், இமிடாகுளோபிரிட் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று கலந்த ஊசிக்குழாய் கிடைக்கும். வாசனை இல்லை, காற்றில் கலப்பதில்லை. இன்ஹேலர் உள்ள வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. மிளகைவிடச் சிறிய பொட்டுகளாக வையுங்கள். பெரிய குவியல் ஒன்றைவிடச் சின்னப் பொட்டுகள் பத்து மேல். கீல்களின் இடுக்கு, அலமாரி உள்மூலைகள், சிங்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், மிக்ஸி வைக்கும் மேடையின் அடிவிளிம்பு என ஒரு சமையலறைக்குப் பதினைந்து பொட்டுகள் தேறும். அடுப்பின் சூடு படும் இடத்தில் ஜெல் இரண்டே நாளில் காய்ந்து கல்லாகிவிடும். எங்கெங்கே வைத்தீர்கள் என்று எழுதி வைத்தால் இரண்டு வாரம் கழித்துத் தேட வேண்டியிருக்காது.

ஜெல் வைத்தவர்கள் செய்யும் பெரிய தவறு, மறுநாள் ஒரு கரப்பானைப் பார்த்தவுடன் அதே இடத்தில் ஸ்ப்ரே அடிப்பது. அந்த வாடைக்குக் கரப்பான் விலகிப் போகும், ஜெல்லைத் தொடாது. இரண்டும் வீண். ஜெல் உள்ள மூலைகளைப் ஃபினாயில் போட்டுத் துடைப்பதும் அப்படித்தான்.

மூன்று நான்கு நாளில் பகலிலேயே தள்ளாடிக்கொண்டு கரப்பான்கள் வெளியே வரும். மருந்து வேலை செய்கிறது என்று பொருள். விளக்கைப் போட்டதும் காலருகே ஓடினால் பதறித் துள்ளுவது இயல்பு, விழுவதும் அப்போதுதான். அந்த வாரம் சமையலறையில் இரவு விளக்கு ஒன்று எரியட்டும், வழுக்காத செருப்போடு போங்கள்.

முட்டைப்பைக்குள் இருப்பவற்றை ஜெல் ஒன்றும் செய்யாது. வீட்டுக்குள் கூட்டம் கூட்டமாக இருக்கும் சின்னப் பழுப்புக் கரப்பானின் ஒரு பையில் 30 முதல் 40 குஞ்சுகள் இருக்கும். பொரிய நான்கு வாரம் வரை ஆகும், அதுவரை தாய் அதைச் சுமந்துகொண்டு திரியும். அதனால்தான் ஒரே முறையோடு நிறுத்தியவர்கள் அடுத்த மாதம் மறுபடி புலம்புகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் இரண்டாம் சுற்று வையுங்கள், ஆறாவது வாரத்தில் மூன்றாவது. ஜெல்லை மோந்து பார்த்துவிட்டு அப்படியே போகிறதா? வேறு வேதிப்பெயர் கொண்ட, வேறு நிறுவனத்தின் ஜெல்லுக்கு மாறுங்கள். குளுக்கோஸ் கசக்கும் கரப்பான் கூட்டங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. இனிப்பு இரை வைத்த இடங்களில் தலைமுறை தலைமுறையாகத் தப்பிப் பிழைத்தவை அவை.

கரப்பான் செத்த பிறகும் அதன் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைக் கிளறும். அதை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள். இருவரில் மூச்சுத் தொல்லை இல்லாதவர் இதைச் செய்யட்டும்.

போரிக் பவுடர் மலிவானது, நன்றாகவும் வேலை செய்யும். ஆனால் பார்வை மங்கியவர் இருக்கும் வீட்டில் சர்க்கரையோடும் உப்போடும் குழம்பிப்போகும் வெள்ளைத்தூள் அது. சமையலறையில் வைக்காதீர்கள். வாங்கிய அன்றே ஒரு சிட்டிகை நீலப்பொடி கலந்து, பெரிய எழுத்தில் "விஷம்" என்று ஒட்டிவிடுங்கள். அலமாரியின் பின்னால், குழாய் ஓட்டைக்குள் எனக் கை படாத இடத்தில், ஊதினால் பறக்கும் அளவுக்கு மெல்லிய படலமாகத் தூவ வேண்டும். குவித்து வைத்தால் கரப்பான் சுற்றிக்கொண்டு போய்விடும். ஈரம் பட்டால் கட்டியாகிப் பயனில்லாமல் போகும்.

எறும்பு சொல்லும் சேதி

கழிவறைத் தரையில், சிறுநீர் சிந்திய இடத்தில் எறும்பு மொய்த்தால், மருந்து போடுவதற்கு முன் இருவருக்கும் சர்க்கரை அளவு பாருங்கள். சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளின் வேலையே சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதுதான். அவற்றை எடுப்பவருக்கு இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் எறும்பு வரும். பயந்து மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும்.

மற்ற எறும்புக்கு வீட்டிலேயே இரை தயாரிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர் 100 மில்லி, சர்க்கரை 10 கிராம், போரிக் பவுடர் 1 கிராம். கரையும் வரை கலக்கி, பஞ்சில் நனைத்து, ஓட்டையிட்ட மூடி உள்ள சின்ன டப்பாவில் எறும்புச் சாரியின் ஓரம் வையுங்கள். "இன்னும் கொஞ்சம் போட்டால் சீக்கிரம் சாகுமே" என்று பவுடரைக் கூட்டாதீர்கள். கடுமையாக இருந்தால் வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றுக்குள் இருக்கும் ராணிக்கு எதுவும் போய்ச் சேராது. முதல் இரண்டு நாள் கூட்டம் அதிகமாகத்தான் தெரியும். அப்போது துடைக்காதீர்கள்.

இந்த இரையைத் தொட்ட கையோடு குளுக்கோமீட்டரில் விரலைக் குத்தினால் அளவு தாறுமாறாக ஏறிக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டவருக்குச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே சோதிக்க வேண்டும். ஸ்ட்ரிப் டப்பா, இன்சுலின் பேனா, சிரப் பாட்டில் இவற்றின் பக்கத்தில் எந்தப் பூச்சிமருந்தும் வேண்டாம். சிரப் பாட்டிலின் கழுத்தை ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் எறும்புக்கு அங்கே வேலையே இல்லை.

கொசு

மூடிய அறையில் ஒரு கொசுவத்தி எரிந்து முடிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைத்ததற்குச் சமம் என்று 2003ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நுரையீரல் நோயாளி இருக்கும் வீட்டில் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

வலைதான் நல்லது. ஆனால் இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுபவருக்கு, நான்கு பக்கமும் மெத்தைக்கடியில் செருகிய வலை காலில் சிக்கும் கண்ணி. கழிவறைப் பக்கம் படுப்பவரின் ஓரத்தில் மட்டும் செருகாமல், தரைவரை தொங்கும் இரட்டை மடிப்பாக விடுங்கள், அல்லது ஜிப் வைத்த வலையை வாங்குங்கள். வெளியே கை எட்டும் தூரத்தில் டார்ச்சும் ஊன்றுகோலும் இருக்கட்டும். மேஜை மின்விசிறியைத் தாழ்வாக, கால் பக்கம் வையுங்கள். கொசு பலவீனமாகப் பறக்கும் பூச்சி, காற்றை எதிர்த்து வராது.

தோலில் பூசும், கொசு விரட்டும் டீட் களிம்பு 20 முதல் 30 சதவீதம் போதும். வயதான தோல் மெல்லியது. புண், கீறல் மேல் பூசாதீர்கள், துணிக்குள்ளேயும் பூசாதீர்கள், உள்ளே வந்ததும் கழுவிவிடுங்கள். டீட் சில பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பூசிய விரலால் கண்ணாடிச் சட்டத்தையும் காது கேட்கும் கருவியையும் தொட வேண்டாம்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தண்ணீரில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் தட்டு, கூலரின் தண்ணீர் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்தபடியே மாதக்கணக்கில் காத்திருக்கும்.

காய்ச்சல் வந்து டெங்கு சந்தேகம் இருந்தால் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கூடாது, பாராசிட்டமால் மட்டும். மூட்டுவலிக்கு ஏற்கெனவே வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பழக்கத்தில் எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் இங்கே நடக்கும் தவறு. இதயத்துக்காக ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல் எடுப்பவர் தானாக நிறுத்தக் கூடாது, முதல் நாளே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல் இறங்கும் 3 முதல் 7ஆம் நாள்வரைதான் ஆபத்தான கட்டம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அசாதாரணச் சோர்வு என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எலி: பொறி போதும், விஷம் வேண்டாம்

வார்ஃபரின் 1948ல் எலிமருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. 1954ல்தான் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. இன்று விற்கும் புரோமடியோலோன் போன்ற எலிக்கட்டிகள் அதன் வீரியம் கூடிய உறவினர்கள். வார்ஃபரின் எடுப்பவரின் இரத்தம் ஏற்கெனவே உறையத் தயங்குகிறது. இன்னொரு உறைவுத் தடுப்பானை அவர் கை படும் இடத்தில் வைப்பானேன்? இதில் இன்னொரு சிக்கல், விழுங்கிய அன்று ஒன்றுமே தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஈறும் மூக்கும் கசியத் தொடங்கும். மஞ்சள் பாஸ்பரஸ் பசையும் துத்தநாக பாஸ்பைடும் இதைவிட மோசம், மாற்றுமருந்தே கிடையாது. கூடவே, விஷம் தின்ற எலி கனத்த பீரோவுக்குப் பின்னால் போய்ச் செத்தால் அதை நகர்த்த யாரிருக்கிறார்கள்?

முதலில் வழியை அடையுங்கள். கட்டைவிரல் நுழையும் ஓட்டை எலிக்குப் போதும், பென்சில் நுழையும் ஓட்டை சுண்டெலிக்கு. இரும்புக் கம்பிநாரைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசுங்கள். வெறும் சிமெண்ட் காய்வதற்குள் பிராண்டிவிடும், வெறும் துணியைக் கடித்துவிடும்.

பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். எலி சுவரை உரசியபடிதான் ஓடும். முதல் இரண்டு மூன்று நாள் வில்லை ஏற்றாமல் நிலக்கடலை விழுதை மட்டும் வையுங்கள், புதிய பொருளைக் கண்டால் எலி சந்தேகப்படும். பயமில்லாமல் தின்னத் தொடங்கிய பிறகு வில்லை ஏற்றுங்கள். மூட்டுவாதக் கைக்குப் பழைய மரப்பலகைப் பொறி ஆகாது. உள்ளங்கையால் அல்லது காலால் அழுத்தித் திறக்கும் பிளாஸ்டிக் கவ்வுப் பொறியை வாங்கி, இருபக்கமும் திறந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்தால் கால் விரலும் தப்பும். பசை அட்டையை நடமாட்டம் உள்ள இடத்தில் வைக்காதீர்கள். இருட்டில் மிதித்தால் விழுவது உறுதி. தோலில் ஒட்டினால் இழுக்காமல் சமையல் எண்ணெய் தடவித் தளர்த்துங்கள்.

நீரிழிவால் பாதம் மரத்துப்போனவரை எலி இரவில் கடித்தாலும் அவருக்குத் தெரியாது. காலையில் போர்வையில் இரத்தம் பார்த்துத்தான் தெரியவரும். எலி பிடிபடும் வரை காலுறை போட்டுக்கொண்டு, வலைக்குள் படுக்கட்டும். தினமும் காலையில் பாதத்தையும் விரலிடுக்கையும் கண்ணாடி வைத்தோ துணைவர் மூலமோ பாருங்கள். கடி இருந்தால் 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

எலிப்புழுக்கையையும் பெருக்கக் கூடாது. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். அந்தத் திரவத்தோடு கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒன்றை முழுதாகக் கழுவிவிட்ட பிறகே இன்னொன்று.

மூட்டைப்பூச்சியும் அரிப்பும்

வயதானவர்களில் பலருக்குக் கடித்த தடிப்பே வராது. அதனால் உடம்பைப் பார்க்காதீர்கள், மெத்தைத் தையலைப் பாருங்கள். மையால் குத்தியது போன்ற கரும்புள்ளிகள், ஆப்பிள் விதையளவு பூச்சி. கட்டில் காலோடு சக்கர நாற்காலியின் மடிப்பையும் நடைச்சட்டத்தின் குழாய் முனைகளையும் சேர்த்துப் பாருங்கள்.

துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால்களுக்கடியில் உட்புறம் முகப்பவுடர் தூவிய வழுவழுப்பான கிண்ணங்களை வையுங்கள், ஏற முடியாமல் விழும். போர்வை தரையைத் தொட்டால் இந்த ஏற்பாடு பயனற்றது. மெத்தைக்கு ஜிப் உறை போட்டு, ஒரு வருடம் கழற்றாதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது தீ விபத்துக்கு வழி. கட்டில் தாண்டிப் பரவியிருந்தால் ஆளை அழையுங்கள். வருபவரிடம் அந்த மருந்துப் பட்டியலைக் காட்டி, என்ன வேதிப்பொருள், எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே வரலாம் என்று எழுதி வாங்குங்கள்.

புள்ளியும் பூச்சியும் இல்லை, ஆனால் இருவருக்கும் இரவில் அரிக்கிறதா? விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் சுற்றி இருந்தால் அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். முதல்முறை தொற்றினால் அரிப்புத் தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். ஆகவே அரிக்காத துணைவருக்கும் அதே நாளில் மருந்து பூச வேண்டும். 5 சதவீதப் பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் பாதம் வரை பூசி 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் கழுவி, ஒரு வாரத்தில் மறுபடி பூசுவது வழக்கம். முதியவருக்குத் தலையிலும் பூச வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார். வெறும் வறண்ட தோலாகவும் இருக்கலாம். குளித்த ஈரத்திலேயே எண்ணெய்ப் பசையுள்ள கிரீம் தடவிப் பாருங்கள்.

ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் பூச்சி

"சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது" என்று ஒருவர் சொல்ல, மற்றவருக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றால் வாக்குவாதம் வேண்டாம். நான்கு மூலையில் ஒட்டும் அட்டை வைத்து மூன்று நாள் பாருங்கள். எதுவும் சிக்கவில்லை என்றால் மருந்து அடிப்பதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். திடீரென ஓரிரு நாளில் தொடங்கி, கூடவே குழப்பமும் தூக்கமும் இருந்தால், சிறுநீர்த் தொற்றோ புதிதாகச் சேர்ந்த மாத்திரையோ காரணமாக இருக்கலாம். பார்க்கின்சன் மருந்துகளும் சில வகை மறதி நோய்களும் இப்படிக் காட்டும்.

கண்முன் கொசு மிதப்பது, பார்வையைத் திருப்பினால் கூடவே நகர்வது கண்ணின் உள்ளே இருக்கும் ஜெல்லின் நிழல்தான், வயதில் சகஜம். ஆனால் ஒரே நாளில் கூட்டமாகப் பெருகினாலோ, மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை விழுவது போலிருந்தாலோ விழித்திரை கிழிந்திருக்கலாம். அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்து பட்டுவிட்டால்

தோலில் பட்டால் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீர். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். எச்சில் ஒழுகல், வியர்வை, கண்பாவை சுருங்குதல், மூச்சுத் திணறல் தெரிந்தால் அவசர ஊர்தியை அழைத்து, கிளம்பும்போது மருந்தின் டப்பாவையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் மாத்திரைப் பட்டியலையும் கையோடு எடுத்துப்போங்கள்.